ஃபைபர் போட் துளைக்கும் ட்ரில் பிட்டுக்கு காஸ் சுவாலையில் வைரம் பூசலாமா?

கிண்ணியாப் பக்கம் ஃபைபர் போட் திருத்தும் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. போட்டின் உடம்பில் துளை போடும்போது சாதாரண ட்ரில் பிட் நாலைந்து துளையிலேயே மழுங்கிவிடுகிறது, வெல்டிங் டோர்ச்சால் வைரம் வளர்க்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், எங்கள் பட்டறையிலும் ஒட்சிசன், அசற்றலீன் இரண்டும் இருக்கிறது, அப்படியென்றால் பிட்டின் நுனிக்கு நாங்களே வைரம் பூசிக்கொள்ள முடியாதா அண்ணை?

முதலில் நேரடிப் பதில். அந்த வீடியோ பொய் இல்லை தம்பி, உங்கள் டோர்ச்சிலேயே வைரம் வளரும். ஆனால் உங்கள் கையில் இருக்கிற உருக்கு ட்ரில் பிட்டில் அது நிற்காது. எப்படியாவது நிற்க வைத்தாலும் அந்தச் சூட்டில் பிட் தன் உறுதியை இழந்துவிடும், பிறகு வைரம் இருந்தும் பயன் இல்லை. ஏன் என்று விளங்கினால் எதில் பூசலாம் என்பதும் விளங்கிவிடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் தினமும் பார்க்கிற சுவாலையிலிருந்தே தொடங்குவோம். டோர்ச்சைப் பற்றவைத்து ஒட்சிசனைக் கூட்டிக்கொண்டு வரும்போது நுனியில் கூர்மையான ஒரு சின்ன உள்கூம்பு, அதைச் சுற்றி வெண்பச்சையாக ஓர் இறகு, அதற்கும் வெளியே நீலமான பெரிய சுவாலை என்று மூன்று தெரியும். இன்னும் கொஞ்சம் ஒட்சிசனைக் கூட்டினால் அந்த இறகு சுருங்கிச் சுருங்கி உள்கூம்புக்குள்ளேயே போய் மறைந்துவிடும், அதைத்தான் நாங்கள் நடுநிலைச் சுவாலை என்று சொல்லி வெல்டிங் செய்கிறோம். வைரம் வளர்வது அந்த இறகுக்குள்தான், அதுவும் உள்கூம்பின் நுனியிலிருந்து ஒரு மில்லிமீற்றர் அளவு தள்ளி. சுவாலையில் வைரம் வளர்வதை 1988இல் முதலில் காட்டியவர் ஜப்பானில் நிப்பொன் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த யொய்ச்சி ஹிரோசே. அதே வருடமே அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் இருந்தவர்களும் அதைச் செய்து பார்த்து உண்மைதான் என்றார்கள். வாயுவிலிருந்து வைரம் வளர்ப்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான், 1950களின் தொடக்கத்திலேயே வில்லியம் எவர்சோல் என்பவர் யூனியன் கார்பைட் நிறுவனத்தில் செய்திருக்கிறார், 1980களில் ஜப்பானியர்கள் பழுக்கக் காய்ச்சிய கம்பியையும் மைக்ரோவேவையும் வைத்து அதை ஒரு தொழிலாகவே ஆக்கினார்கள். ஆனால் அதற்கெல்லாம் காற்றை வெளியே இழுத்த கூண்டு வேண்டும், பம்பு வேண்டும். ஹிரோசே திறந்த வெளியில் ஒரு வெல்டிங் டோர்ச்சோடு நின்றார். என்னைப் போன்ற பட்டறைக்காரருக்கு இதில் இத்தனை ஆசை வந்ததற்கு அதுதான் காரணம்.

எல்லா எரிவாயுவுக்கும் இது சரிவராது. சமையல் காஸை வைத்துச் செய்யலாமா என்று கேட்காதீர்கள், அசற்றலீனில்தான் செய்ய வேண்டும். அசற்றலீனில் காபன் இரண்டு, ஐதரசன் இரண்டு. அதற்குச் சரிக்குச் சரியாக ஒரு பங்கு ஒட்சிசனைக் கொடுத்தால் இரண்டு காபனோரொட்சைட்டும் ஒரு ஐதரசனும் வரும், காபன் மிச்சமில்லை. ஒட்சிசனை அதற்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், ஒன்றுக்குப் பதிலாக 0.9 அல்லது 0.95 என்று. அப்போது கொஞ்சக் காபன் எரியாமல் மிஞ்சும், கூடவே 3000 பாகை செல்சியஸைத் தாண்டும் அந்தச் சூட்டில் ஐதரசன் மூலக்கூறு உடைந்து தனி அணுவாகத் திரியும். வேலை முழுவதையும் செய்வது இந்த ஐதரசன் அணுதான். காபன் ஒரு பரப்பில் படியும்போது வைரமாகவும் படியும், காரீயமாகவும், அதாவது பென்சிலில் இருக்கிற கிராபைட்டாகவும், படியும். சாதாரண அழுத்தத்தில் காரீயம்தான் கொஞ்சம் வசதியான நிலை, அதனால் விட்டுவிட்டால் எல்லாம் கரியாகவே போகும். ஐதரசன் அணு வந்து காரீயமாகப் படிந்ததைக் கெதியாகச் சுரண்டி எடுத்துவிடுகிறது, வைரமாகப் படிந்ததை மிக மெதுவாகத்தான் தொடுகிறது. வயலில் நெல்லும் புல்லும் சேர்ந்தே முளைக்க, புல்லை மட்டும் விடாமல் பிடுங்கிக்கொண்டே இருப்பது போல. பிடுங்கும் கை நின்றால் மறுநாளே புல் மூடிவிடும்.

அதனால்தான் ஒட்சிசன் அளவு இத்தனை நுட்பமாக இருக்க வேண்டியிருக்கிறது. 0.8 பக்கம் இறங்கினால் காபன் கூடிப்போய் பூக்கோவா மாதிரி உருண்டை உருண்டையான கறுப்புப் படிவு வரும், 1ஐத் தாண்டினால் ஏற்கனவே வளர்ந்த வைரமும் எரிந்துவிடும். ரெகுலேட்டர் குமிழைக் கையால் திருகி இந்த அளவைப் பிடிக்க முடியாது. இரண்டு வாயுவுக்கும் தனித்தனியாக, நிமிடத்துக்கு எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் ஓட்டமானி வேண்டும், கண்ணாடிக் குழாய்க்குள் குண்டு மிதக்கும் சாதாரண வகையே போதும். நான் செய்யும்போது அசற்றலீன் நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர், ஒட்சிசன் 1.4 லீற்றர் என்று வைத்திருந்தேன். இன்னொன்று, எங்கள் ஊரில் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் திறந்த கொட்டகையில் இந்த வேலை செய்யவே முடியாது. இறகு ஒரு பக்கமாகச் சாய்ந்த அடுத்த நொடியே பரப்பில் வெளிச்சுவாலையும் காற்றும் படும். உப்புவெளியில் என் கொட்டகையில் மூன்று பக்கமும் தகரம் அடித்து, புகை போக மேலே மட்டும் திறந்துவிட்ட பிறகுதான் சுவாலை ஆடாமல் நின்றது.

சரி, உருக்குக்கு வருவோம்.

நான் முதலில் செய்த பிழையும் உங்கள் யோசனை போன்றதுதான். ஒரு சாதாரண இரும்பு வாஷரை எடுத்து, வைரம் முளைக்க விதையாக வைரத்தூள் பசையால் தேய்த்து, தண்ணீர் ஓடும் செம்புக் கட்டையில் இறுக்கி, 850 பாகைச் சூட்டில் இறகுக்குக் கீழே பிடித்தேன். ஐந்து நிமிடத்திலேயே நடுவில் வெல்வெட்டுத் துணி போல ஒரு கறுப்பு எழும்பியது. விரலால் தொட்டால் பொடி. அரை மணித்தியாலம் விட்டுப் பார்த்தேன், கறுப்பு தடித்ததே தவிர வேறொன்றும் இல்லை. பிறகு அந்த வாஷரை ஒரு அரத்தால் ராவிப் பார்த்தபோதுதான் ஆச்சரியம், அரம் வழுக்கிக்கொண்டு போனது. மென்மையான இரும்பு, அது காபனைக் குடித்துக் குடித்து மேற்பரப்பில் கடின உருக்காக மாறியிருந்தது. தண்ணீர்க் கட்டை கெதியாகக் குளிர வைத்ததால் இன்னும் இறுகியும் போயிருந்தது. அதாவது நான் வைரம் வளர்க்கப் போய், பழைய கொல்லர்கள் கரிக்குள் புதைத்து இரும்பை உருக்காக்கின அதே வேலையைச் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். 850 பாகையில் இரும்பு தன் எடையில் ஏறத்தாழ 1 வீதம் வரை காபனைக் கரைத்துக்கொள்ளும், ஒரு மணித்தியாலத்தில் கால் மில்லிமீற்றர் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் பூச நினைப்பதோ சில மைக்ரோன் தடிப்பு. ஆற்று மணலில் தண்ணீர் ஊற்றிக் குளம் கட்டுவது போலத்தான், படிகிற காபன் எல்லாம் கீழே போய்விடுகிறது, வைரம் முளை விடுவதற்கான செறிவு மேலே சேரவே இல்லை. அது போதாதென்று, மேற்பரப்பில் இருக்கிற இரும்பு அணுக்கள் காபனைக் காரீயமாக அடுக்குவதற்கு நல்ல ஊக்கி. நிக்கலும் கோபால்ட்டும் அதே இனம். ஐதரசன் பிடுங்குகிற வேகத்தை விட இரும்பு காரீயத்தை விதைக்கிற வேகம் கூட. நீண்ட நேரம் விட்டால் அந்தக் கரிப் படைக்கு மேல் அங்கங்கே வைரம் முளைக்கத்தான் செய்யும், ஆனால் கரிக்கு மேல் இருக்கிற வைரத்தை நகத்தால் வழித்தே எடுத்துவிடலாம்.

வைர முனை வைத்த கருவியால் இரும்பைக் கடைவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கும் இதேதான் காரணம், வெட்டும் சூட்டில் இரும்பு வைரத்தையே தின்றுவிடும்.

அடுத்தது சுருக்கம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தொல்லை, ஏனென்றால் காபன் கரைவதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது, சுருக்கத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. 850 பாகையிலிருந்து அறைச் சூட்டுக்கு வரும்போது 10 மில்லிமீற்றர் நீள உருக்கு ஏறத்தாழ 0.11 மில்லிமீற்றர் சுருங்கும். அதே நீள வைரம் சுருங்குவது அதில் கால்வாசியும் இல்லை. கீழே இருப்பது சுருங்க, மேலே ஒட்டியிருப்பது சுருங்க மறுத்தால் என்ன நடக்கும்? மேலே உள்ளது நசுங்கும். வைரம் நசுங்கிக் கொடுக்காத பொருள் ஆனபடியால் அந்த 0.8 வீத வித்தியாசம் கணக்குப்படி 8, 9 கிகாபாஸ்கல் அழுத்தமாக மாறும். அதோடு உருக்கு 700 சொச்சம் பாகையைக் கடந்து இறங்கும்போது தன் உள் அமைப்பை மாற்றி ஒருமுறை கொஞ்சம் வீங்கும், அப்போதும் படலம் ஒரு உதை வாங்கும்.

இதை நான் காதால் கேட்டிருக்கிறேன். வாஷர் தோற்ற பிறகு, குரோமியம் பூசிய ஒரு உருக்குத் துண்டில் செய்து பார்த்தேன். அந்தத் தடவை கரி வரவில்லை, பூதக்கண்ணாடியில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் சீனி தூவினது போல மினுங்கும் படலம், நாலு மில்லிமீற்றர் அகலம் இருக்கும். சந்தோஷமாகச் சுவாலையை எடுத்துவிட்டு ஆறவிட்டேன். ஒரு நிமிடம் போகவில்லை, எண்ணெயில் கடுகு வெடிப்பது போல டிக் டிக் என்று ஒரு சத்தம். குனிந்து பார்க்கப் பார்க்கவே படலம் சில்லுச் சில்லாகத் தெறித்து உருக்குப் பளிச்சென்று தெரிந்தது. சில்லுகளைப் பொறுக்கி ஒரு பழைய பில்ம் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், இன்றைக்கும் இருக்கிறது. அவை நல்ல வைரம்தான். குருந்தக்கல்லில் கீறல் போடுகிறது. இந்தக் கல்லை ஆங்கிலேயர் கொரண்டம் என்று சொல்வதே எங்கள் குருந்தத்திலிருந்து போன பெயர்தான், எங்கள் நாட்டு நீலக்கல்லும் அந்த இனமே. வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்கு என்றபடியால் பட்டறையில் சோதிக்க அதைவிட நல்ல கல் இல்லை, நகைக்கடையில் கழித்துப்போட்ட துண்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் கீறிப் பார்த்துவிட்டு வைரம் என்று சொல்லிவிட முடியாது, கண்ணாடியை எத்தனையோ பொருள் கீறும். முறையாகத் தெரிய வேண்டுமானால் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், லேசர் ஒளியைப் பட வைத்துச் சிதறி வரும் ஒளியைப் பார்க்கிற ராமன் நிறமாலை எடுக்க வேண்டும், 1332 என்ற இடத்தில் ஒற்றைக் கூர்முனை நின்றால் வைரம், 1350க்கும் 1580க்கும் பக்கத்தில் அகலமான இரண்டு மேடு நின்றால் கரி.

உருக்கில் யாருமே பூசவில்லையா என்றால், பூசியிருக்கிறார்கள். வழி என்னவென்றால் இரும்புக்கும் சுவாலைக்கும் நடுவில் ஒரு மதில். அந்த மதில் காபனைக் கீழே விடக்கூடாது, இரும்பை மேலே விடக்கூடாது, ஆனால் தானே கொஞ்சம் காபனோடு சேர்ந்து காபைட்டாக மாறி வைரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குரோமியம் நைத்திரைட்டு, மேற்பரப்புக்குள்ளேயே குரோமியத்தைப் பரவவிட்ட உருக்கு, போரன் ஊட்டிய உருக்கு, சிலிக்கன், டங்ஸ்டன், மொலிப்டினம் எல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள். கடையில் ஷாப்ட்டுக்கு அடிக்கிற கடின குரோமியப் பூச்சு பார்வைக்குப் போதும் போலத் தெரியும், ஆனால் அதில் இயல்பாகவே கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் இருக்கும், அந்த வழியாக இரும்பு எட்டிப் பார்க்கும். தங்க நிற ட்ரில் பிட் வாங்குகிறோமே, அது தைத்தேனியம் நைத்திரைட்டு. தைத்தேனியம் என்றவுடன் உங்களுக்குப் புல்மோட்டைக் கறுப்பு மணல் ஞாபகம் வரலாம், அந்த இல்மனைற்று தைத்தேனியத்தின் தாதுதான், நாங்கள் அதை மணலாகவே கப்பலேற்றி விடுகிறோம் என்பது எனக்கு நீண்டநாள் மனக்குறை. ஆனால் அந்தத் தங்கப் படலத்தை நம்பிச் சுவாலையில் பிடிக்காதீர்கள், இரண்டு மூன்று மைக்ரோன் தடிப்புள்ள அது ஐந்நூறு அறுநூறு பாகைக்கு மேல் காற்றுப் பட்டாலே ஒட்சியேறிக் கெட்டுப்போகும்.

மதில் எத்தனை நன்றாக இருந்தாலும் சுருக்கம் சுருக்கம்தான். அதற்குச் செய்யக்கூடியது இரண்டே. சூட்டைக் குறைப்பது, தடிப்பைக் குறைப்பது. படலம் தடிக்கத் தடிக்க அதற்குள் சேர்கிற இறுக்கமும் கூடி, ஓர் அளவுக்கு மேல் தானே கழன்றுவிடும், அதனால் இரண்டு மூன்று மைக்ரோனோடு நிறுத்த வேண்டும். ஆனால் இந்தச் சுவாலை மணித்தியாலத்துக்கு 50 மைக்ரோன், சில வேளை 100 மைக்ரோன் கூட வளர்க்கும் முரட்டு முறை. மெல்லிய படலத்துக்கு அது பொருத்தமே இல்லை. மூன்று மைக்ரோன் என்றால் மூன்று நாலு நிமிடத்தில் நிறுத்த வேண்டும், அதற்குள் விதைகள் ஒன்றோடொன்று சேர்ந்து இடைவெளி இல்லாமல் மூடுவதற்கே நேரம் காணாது.

இப்போது உங்கள் பிட்டுக்கு வருகிறேன். ட்ரில் பிட் செய்கிற எச்.எஸ்.எஸ். என்ற அதிவேக உருக்கைக் கடினமாக்கின பிறகு ஏறத்தாழ 550 பாகையில் பதப்படுத்துவார்கள். அந்த அளவு வரை சூடேறினால் தாங்கும். நீங்கள் அதை 800, 850 பாகையில் கால் மணித்தியாலம் பிடித்தால் பதம் போய்விடும். பிறகு வைரத்தோடு சேர்த்து மேலே ஒரு மெல்லிய ஓடு, கீழே மெத்து உருக்கு. துளைக்க அழுத்தும்போது கீழே உள்ளது வளையும், ஓடு நொறுங்கும். மறுபடி பதப்படுத்தலாமே என்றால் அந்த உருக்கைக் கடினமாக்க 1200 பாகைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், அந்தச் சூட்டில் வைரம் இருக்காது. பிட்டின் உருவமும் பிரச்சினைதான். இறகின் கீழ் ஒழுங்காக வைரம் வளர்வது ஐந்து மில்லிமீற்றர் வட்டத்துக்குள், அதுவும் தட்டையான முகத்தில். பிட்டின் வெட்டு விளிம்பு மெல்லியது, அது மற்ற இடத்தை விடக் கூடுதலாகச் சூடேறி வெண்மையாக எரியும், பள்ளம் குளிர்ந்தே இருக்கும். எங்கே வைரம் வேண்டுமோ அங்கேதான் வராது.

செலவையும் ஒருமுறை கணக்குப் போட்டேன். ஐந்து மில்லிமீற்றர் வட்டத்தில் மணித்தியாலத்துக்கு 50 மைக்ரோன் வளர்ந்தால் கிடைக்கிற வைரம் ஏறத்தாழ 3.4 மில்லிகிராம். அதற்கு நான் எரித்த அசற்றலீன் 90 லீற்றர், அதில் இருந்த காபன் 90 கிராம் அளவு. இருபத்தாறாயிரத்தில் ஒரு பங்கு வைரமாகிறது, மீதி எல்லாம் காற்றில்.

ஆகவே உங்கள் வேலைக்கு நான் சொல்வது, பிட்டுக்கு வைரம் வளர்க்காதீர்கள், வைரத் தூளை ஒட்டுங்கள். ஃபைபரில் இருக்கிற கண்ணாடி நார்தான் பிட்டைத் தேய்க்கிறது. நாருக்குக் கூரான விளிம்பை விட உராய்கிற மணிதான் தோதானது. உருக்குக் குழாயின் விளிம்பில் வைர மணிகளைப் பரப்பி நிக்கல் முலாம் பூசினால், நிக்கல் வளர்ந்து ஒவ்வொரு மணியையும் பாதிக்கு மேல் விழுங்கிப் பிடித்துக்கொள்ளும். கடையில் விற்கிற வைரத் துளைக்குழாய், வைர வெட்டுத் தட்டு பலதும் இப்படிச் செய்தவைதான். நிக்கலும் காரீயத்தை விதைக்கிற இனம் என்று மேலே சொன்னேனே, அது 50 பாகை முலாம் தொட்டியில் ஒன்றும் செய்யாது, உருக்கும் பதம் கெடாது, சுருக்கமும் இல்லை. நிக்கல் சல்பேற்று, நிக்கல் குளோரைட்டு, போரிக் அமிலம், ஒரு சின்ன மின் இணைப்பு, இவ்வளவும் இருந்தால் போதும், நிக்கல் உப்பு தோலிலும் மூச்சிலும் படாமல் கையுறையோடு வேலை செய்ய வேண்டும். அதுவும் வேண்டாமென்றால் முழு டங்ஸ்டன் காபைட் பிட் ஒன்றை வாங்குங்கள். அதில் தொழிற்சாலைக்காரர்கள் உண்மையிலேயே சுவாலை இல்லாத வேறு முறையில் வைரம் பூசி விற்கிறார்கள், ஆனால் அங்கேயும் காபைட்டைப் பிணைத்து வைத்திருக்கிற கோபால்ட்டை மேற்பரப்பிலிருந்து அமிலத்தால் கரைத்து எடுத்த பிறகுதான் பூச முடியும். அந்தக் கோபால்ட் ஐந்தாறு வீதம்தான் இருக்கும், அதுவே அத்தனை தொல்லை தருமென்றால் முழுக்க இரும்பான பிட் எத்தனை தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் வைரம் வளர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையை நான் தடுக்க மாட்டேன். அதற்குச் சரியான துண்டு உங்கள் பட்டறையிலேயே இருக்கலாம். டிக் வெல்டிங் செய்கிற டங்ஸ்டன் எலக்ட்ரோட்! டங்ஸ்டன் காபனை இரும்பு போலக் குடிக்காது, மேலே மெல்லிய காபைட்டுப் படையை உண்டாக்கி வைரத்தைப் பிடித்துக்கொள்ளும், சுருக்கத்திலும் வைரத்துக்கு மிக நெருங்கியது, உருக்கில் 0.8 வீதமாக இருந்த வித்தியாசம் இதில் 0.13 வீதம்தான். சிவப்பு வளையம் போட்ட எலக்ட்ரோட்டை எடுக்காதீர்கள், அதில் தோரியம் இருக்கிறது, சாணை பிடிக்கும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. பச்சை வளையம் போட்டது சுத்த டங்ஸ்டன், 3.2 மில்லிமீற்றர் தடிப்பானது நல்லது.

நுனியைத் தட்டையாக ராவி, ஒரு மைக்ரோன் வைரப் பசையால் கண்ணாடி மேல் வைத்து ஐந்து நிமிடம் தேயுங்கள். தேய்க்காத பரப்பில் வைரம் முளைக்காது, அந்தக் கீறல்களும் அதில் சிக்கி நிற்கிற தூளும்தான் விதை. பிறகு அசற்றோனால் கழுவி, செம்புக் கட்டையில் இறுக்கமாகத் துளைத்த துளைக்குள் செருகி, முகம் மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். பக்கவாட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெளிச்சுவாலை பட்டு டங்ஸ்டன் மஞ்சளாக ஒட்சியேறிப் புகையும். செம்புக் கட்டைக்குள் தண்ணீர் ஓட வேண்டும், துண்டை உள்ளே தள்ளினால் குளிரும், வெளியே இழுத்தால் சூடேறும், சூட்டை அப்படித்தான் பிடிக்க வேண்டும். சுவாலை வெளிச்சத்தில் சூட்டைக் கண்ணால் மதிப்பிட்டு நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன், பின்பக்கத்தால் சூடு அளக்கிற ஒரு கே வகை வெப்ப இணை (தெர்மோகப்பிள்) வைத்தால்தான் நம்பலாம். சுவாலையை வேறு இடத்தில் சரிசெய்து, இறகு நிலையாக நின்ற பிறகே துண்டுக்கு மேல் கொண்டு வாருங்கள். முடிக்கும்போது ஒட்சிசனை முதலில் மூடிக் கரி படிய விடவும் கூடாது, சுவாலையைத் திடீரென எடுத்துப் பழுத்த வைரத்தைக் காற்றில் விடவும் கூடாது, அது எழுநூறு பாகைக் காற்றில் எரியும் பொருள். துண்டைத் தண்ணீர்க் கட்டைக்குள் ஆழமாகத் தள்ளி நிறம் மங்கின பிறகு சுவாலையை எடுங்கள், டிக் வெல்டிங் ஆகன் வாயு இருந்தால் அதை ஊதிக்கொண்டே ஆறவிடுங்கள்.

பாதுகாப்பில் ஒரு விஷயத்திலும் விட்டுக்கொடுக்க முடியாது. வெல்டிங்கில் டோர்ச்சை ஐந்து நிமிடம் பிடித்துவிட்டு வைத்துவிடுவோம், இது மணித்தியாலக்கணக்கில் எரிவது. அசற்றலீன் பக்கத்து அழுத்தம் ஒரு பாருக்கு மேல் போகவே கூடாது, அதற்கு மேல் ஒட்சிசன் இல்லாமலே வெடிக்கிற வாயு அது. அசற்றலீன் குழாயில் செம்புத் துண்டு எதையும் சொருகாதீர்கள், உள்ளே உண்டாகிற அசற்றலைட்டு உரசினாலே வெடிக்கும். இரண்டு பக்கமும் பின்சுவாலைத் தடுப்பான் இருக்க வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள், அதற்குள் அசற்றோனில் கரைந்துதான் வாயு இருக்கிறது, சாய்த்தாலோ முடியும் தறுவாயில் கறந்தாலோ அசற்றோனும் சேர்ந்து வரும், வைரமும் கெடும், ரப்பர் குழாயும் கெடும். மூடிய அறையில் வேண்டவே வேண்டாம், காபனோரொட்சைட்டுக்கு மணம் இல்லை. நிழல் இலக்கம் ஐந்து கண்ணாடி இல்லாமல் உள்கூம்பைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். எரிய விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகவும் கூடாது.

இருபது நிமிடம் போதும். ஆறின பிறகு பூதக்கண்ணாடியில் பாருங்கள். நடுவில், இறகு நேராக விழுந்த இடத்தில், சின்னச் சின்ன முகங்கள் வெயிலுக்கு மினுங்கும், சில முக்கோணம், சில சதுரம். விளிம்புக்குப் போகப் போக முகங்கள் மறைந்து உருண்டையாகி, கடைசியில் கறுப்பு வளையமாக முடியும். அந்த ஒரு துண்டிலேயே நல்ல அளவு, காபன் கூடின அளவு, சூடு தவறின அளவு எல்லாம் வட்டம் வட்டமாகப் பதிந்திருக்கும், அதை ஆறுதலாக இருந்து படியுங்கள். பச்சை வளைய எலக்ட்ரோட் கிண்ணியாவில் கிடைக்காவிட்டால் என்னிடம் இரண்டு மீதம் இருக்கிறது, தண்ணீர்க் கட்டையும் இருக்கிறது, கச்சான் அடங்கின பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்புவெளிக்கு வாருங்கள், மழுங்கின உங்கள் பிட் ஒன்றையும் கொண்டு வாருங்கள், நிக்கல் தொட்டியில் போட்டுப் பார்ப்போம்.